நிகர் ஷாஜியைப் பெட்டிச் செய்தி ஆக்காதீர்கள்

பள்ளிப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். நான் தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். பாடத்திட்டத்தை மாற்றி எழுதும் பேச்சு அடிபடுகிற சமயம் இது. உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். புதிய புத்தகத்தில் ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி எப்படியும் இடம்பெறுவார். செங்கோட்டைக்காரர், அரசுப் பள்ளியில் படித்தவர், இந்தியா சூரியனைப் பார்க்க அனுப்பிய முதல் விண்கலத்துக்குத் தலைமை தாங்கியவர். இத்தனையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் எந்தக் குழுவும் விடாது, விடவும் கூடாது. அவர் எந்தப் பக்கத்தில், எப்படி வருவார் என்பதில்தான் எனக்குக் கவலை.

எப்படி வருவார் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஈர்ப்பியல் பாடம் முடிகிற இடத்தில் இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி இருக்கும். மேலே 'உங்களுக்குத் தெரியுமா?' என்று போட்டு, சின்னதாக ஒரு புகைப்படம். பிறந்த ஊர், படித்த கல்லூரி, இஸ்ரோவில் சேர்ந்த ஆண்டு, விண்கலம் ஏவப்பட்ட தேதி. பாடம் தனியாகப் போய்க்கொண்டிருக்கும், பெட்டி தனியாக நிற்கும். பாடத்தில் வருகிற சூத்திரத்துக்கும் பெட்டியில் இருக்கும் மனுஷிக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. பெட்டியில் உள்ளதிலிருந்து கேள்வி வராது என்று தெரிந்ததும் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒருவேளை வந்தாலும் ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் வரும். 'ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் பிறந்த ஊர் எது?' நான்கு விடைகளில் செங்கோட்டைக்கு வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்ற பெருமை எங்களுக்கு நிறையவே உண்டு. 2023 செப்டம்பர் 2 அன்று ராக்கெட் கிளம்பிய மறுநாளே இங்கே எத்தனை ஃபிளெக்ஸ் முளைத்தது என்று பார்த்தவள் நான். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, மகளிர் தினம் எதுவானாலும் நிகர் ஷாஜி வந்துவிடுவார். மேடையேறுகிற பிள்ளைகள் அழகாகப் பேசுகிறார்கள். 'சூரியனையே தொட்ட தமிழச்சி' என்று கைதட்டல் வாங்குகிறார்கள். (ஆதித்யா சூரியனைத் தொடவில்லை. தொடுகிற தூரத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. போக வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.) பேசி முடித்து இறங்கிய பிள்ளையிடம் அந்த அம்மா அப்படி என்ன வேலைதான் செய்தார் என்று கேட்டால், 'ராக்கெட் விட்டாங்க டீச்சர்' என்பதோடு நின்றுவிடும். அந்தப் பிள்ளையை எப்படிக் குறை சொல்வது? அதற்கு மேல் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே.

ராக்கெட் விட்டது அவர் வேலை இல்லை என்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். பி.எஸ்.எல்.வி.-சி57 என்ற அந்த ராக்கெட்டுக்குத் தனிக் குழுவும் தனி இயக்குநரும் உண்டு. நிகர் ஷாஜியின் பொறுப்பு அதன் தலையில் உட்கார்ந்து போன 1,480 கிலோ விண்கலம். அது உருவானதும், ராக்கெட்டை விட்டுப் பிரிந்த பிறகு நான்கு மாதம் பயணம் செய்ததும், போய்ச் சேர்ந்த இடத்தில் ஒழுங்காக வேலை செய்வதும் அந்தப் பொறுப்பில் அடக்கம்.

அந்த நாற்காலிக்கு அவர் ஒரே நாளில் வந்துவிடவில்லை. செங்கோட்டை எஸ்.ஆர்.எம். அரசுப் பெண்கள் பள்ளி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல், பிறகு ராஞ்சி மெஸ்ராவில் உள்ள பி.ஐ.டி.யில் முதுநிலை. 1987இல் ஸ்ரீஹரிகோட்டாவில் வேலைக்குச் சேர்ந்து, பின்னால் பெங்களூரு யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்துக்கு மாறினார். 2016 டிசம்பரில் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2ஏ என்ற தொலையுணர்வுச் செயற்கைக்கோளுக்கு இணைத் திட்ட இயக்குநர். விளைநிலம், நீர்நிலை, காடு இவற்றைப் படம் பிடித்து அனுப்பும் வகைக் கோள் அது. சேர்ந்த ஆண்டிலிருந்து ஆதித்யா கிளம்பியது வரை கணக்கிட்டால் 36 ஆண்டு. பெட்டிச் செய்தியில் '1987இல் சேர்ந்தார், 2023இல் சாதித்தார்' என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். நடுவில் உள்ள வருஷங்களில்தான் ஒரு பொறியாளர் பொறியாளராக உருவாகிறார் என்பதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

சரி, திட்ட இயக்குநர் என்றால் என்ன? ஆதித்யாவில் 7 ஆய்வுக் கருவிகள். சூரியனைச் சுற்றியுள்ள வெளி அடுக்கான கொரோனாவைப் பார்க்கும் வெல்க் கருவி பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் செய்தது. புறஊதாக் கதிரில் சூரியனின் முழு வட்டையும் படம் எடுக்கும் சூட், புனேயில் உள்ள ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையத்தில் செய்தது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் சூரியக் காற்றின் துகள்களை அளக்கும் ஆஸ்பெக்ஸ் அகமதாபாத்திலிருந்தும் பாபா திருவனந்தபுரத்திலிருந்தும் வந்தன. இரண்டு எக்ஸ் கதிர்க் கருவிகளும் காந்தமானியும் பெங்களூருவிலேயே வெவ்வேறு இடங்களில் செய்தவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதற்காகப் பல வருஷம் உழைத்த ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் அதன் கருவிதான் முக்கியம், அது நியாயமும்கூட. ஆனால் எடை ஒன்றுதான், மின்சாரம் ஒன்றுதான், கலம் திரும்பிப் பார்க்கும் திசையும் ஒன்றுதான். ஒரு கருவிக்குக் குளிர்ச்சி வேண்டும், இன்னொன்றுக்குத் தூசு ஆகாது, மற்றொன்றுக்குப் பக்கத்தில் மின்னோட்டமே ஆகாது. எல்லாரும் கேட்பதைக் கேட்டு, யாருக்கு எவ்வளவு என்று முடிவெடுத்து, அந்த முடிவு தப்பாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த நாற்காலியின் வேலை. சூத்திரம் எழுதுவதைவிடக் கடினமான இயற்பியல் என்று சொன்னால் என் சக ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். அந்தக் காந்தமானியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோ டெஸ்லா. ஆதித்யா நிற்கும் இடத்தில் சூரியக் காற்று சுமந்து வரும் காந்தப்புலம் சாதாரண நாளில் சில நானோ டெஸ்லாதான். அதை அளக்க வேண்டும். ஆனால் விண்கலம் முழுக்க மின்சுற்று ஓடுகிறது. மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலம் இருக்கும் என்று நாம்தான் பத்தாம் வகுப்புக்குள்ளேயே சொல்லிவிடுகிறோமே. அளக்க வந்த கருவியின் காதில் சொந்தக் கலத்தின் இரைச்சல்தான் முதலில் விழும். அதனால் 6 மீட்டர் நீளத்துக்கு ஒரு கை செய்தார்கள். கார்பன் இழையால் ஆனது, மடக்கி வைக்கக்கூடியது. அதில் ஓர் உணர்வி 3 மீட்டர் தூரத்திலும் இன்னொன்று 6 மீட்டர் நுனியிலும் இருக்கிறது.

எதற்கு இரண்டு? கலத்தின் சொந்தக் காந்தப்புலம் தூரம் போகப்போகக் குறையும். சூரியக் காற்றின் புலம் அந்த 3 மீட்டருக்குள் மாறப்போவதில்லை. ஆகவே இரண்டு உணர்விகளும் காட்டும் அளவில் வித்தியாசம் வந்தால் அது கலத்தின் இரைச்சல், அதைக் கழித்துவிடலாம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும். புரிந்ததும் அந்த முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். அந்தக் கை 132 நாள் மடங்கியே கிடந்து, 2024 ஜனவரி 11 அன்று விரிந்தது. விரிய எடுத்த நேரம் ஏறத்தாழ 9 விநாடி. விரியாமல் சிக்கிக்கொண்டிருந்தால் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தட்டிவிட ஆள் கிடையாது.

அடுத்து, அந்த 15 லட்சம் கிலோமீட்டர். ஆதித்யா போய்ச் சேர்ந்த எல்-1 என்ற இடத்தைப் பற்றி வகுப்பில் பேசியபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். 'டீச்சர், அங்க என்ன இருக்கு? எதுல போய் நிக்கும்?' நல்ல கேள்வி. அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத ஓர் இடத்தைச் சுற்றி ஒரு கலம் எப்படி வட்டமடிக்கும் என்பது பெரியவர்களையும் குழப்பும் விஷயம். இன்னொரு பெண் அதற்குப் பதில் வைத்திருந்தாள். எங்கேயோ படித்திருக்கிறாள். 'அங்கதான் டீச்சர் சூரியனோட ஈர்ப்பும் பூமியோட ஈர்ப்பும் சமமா இருக்கும்.'

இந்தப் பதில் நிறையச் செய்திகளில் வந்தது. தப்பு. தயவுசெய்து புத்தகத்தில் இப்படி எழுதிவிடாதீர்கள். இரண்டு ஈர்ப்பும் சமமாகும் இடம் பூமியிலிருந்து ஏறத்தாழ 2.6 லட்சம் கிலோமீட்டரில், நிலாவின் பாதைக்கும் உள்ளே இருக்கிறது. சூரியனின் நிறை பூமியைப் போல் 3,33,000 மடங்கு. ஈர்ப்பு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம் என்பதை வைத்துப் பிள்ளைகளே இதைப் போட்டுப் பார்க்கலாம். எல்-1 இருக்கும் இடத்தில் சூரியன் இழுப்பது பூமி இழுப்பதைப் போல் 30 மடங்குக்கும் மேல்.

அப்படியென்றால் அங்கே என்னதான் விசேஷம்? சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் சுற்றுகிற எதுவும் பூமியைவிட வேகமாகச் சுற்றி முடித்துவிடும் என்பது கெப்ளர் விதி. எல்-1 தூரத்தில் ஒரு கல்லைத் தனியாக விட்டால் 360 நாளில் ஒரு சுற்று முடித்து, பூமியை விட்டு முன்னால் ஓடிப்போகும். ஆனால் பின்னாலிருந்து பூமி இழுத்துக்கொண்டே இருப்பதால் சூரியனின் பிடி கொஞ்சம் தளர்கிறது. தளர்ந்ததால் வேகம் குறைந்தாலும் விழாமல் சுற்றலாம். சரியாக 365 நாளில் சுற்றும் அளவுக்குத் தளர்கிற இடம்தான் எல்-1. அங்கே நிற்கும் கலம் பூமியோடு கூடவே வரும், பகல் இரவு கிரகணம் எதுவும் இல்லாமல் சூரியனைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கட்டாயம் சேருங்கள். எல்-1 எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்க, சூரியனின் நிறை பூமியைப் போல் எத்தனை மடங்கோ அதை மூன்றால் பெருக்கிக் கனமூலம் எடுக்க வேண்டும். 3,33,000ஐ மூன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட 10 லட்சம். 10 லட்சத்தின் கனமூலம் 100. சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரம் 15 கோடி கிலோமீட்டர், அதை 100ஆல் வகுத்தால் 15 லட்சம். கரும்பலகையில் மூன்று வரி. கால்குலேட்டர்கூட வேண்டாம். இயற்கை இவ்வளவு வசதியாக எண்களைக் கொடுப்பது அபூர்வம். ஈர்ப்பியல் பாடத்தில் புவிநிலைத் துணைக்கோளின் உயரம் கண்டுபிடிக்கிற கணக்கை வருஷா வருஷம் போடுகிறோம். பக்கத்திலேயே இதற்கும் இடம் கொடுத்தால் என்ன?

கணக்கு முடிந்த இடத்தில் பொறியாளரின் வேலை தொடங்குகிறது. எல்-1 என்பது நிலையற்ற இடம். மேட்டின் உச்சியில் வைத்த கோலிக்குண்டு மாதிரி, சற்றே தள்ளினாலும் உருண்டுவிடும். மேலும் கலம் சரியாக அந்தப் புள்ளியிலேயே நின்றால், பூமியிலிருந்து பார்க்கும் ஆன்டெனாவுக்குக் கலத்தின் நேர் பின்னால் சூரியன் இருக்கும், சூரியனின் ரேடியோ இரைச்சலில் கலத்தின் சிக்னல் அமுங்கிவிடும். அதனால்தான் அந்தப் புள்ளியை விட்டு விலகி, நிலாவின் தூரத்தைவிட அகலமான ஒளிவட்டப் பாதையில் ஆதித்யா சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 178 நாள். 2024 ஜூலை 2 அன்று முதல் சுற்று முடிந்தது. அதற்குள் பாதையில் நிறுத்திவைக்க மூன்று முறை எஞ்சினை இயக்கித் திருத்த வேண்டியிருந்தது.

போன வழியையும் சொல்ல வேண்டும். பூமியைச் சுற்றி நான்கு முறை பாதையை நீட்டி, செப்டம்பர் 19 அதிகாலையில் எல்-1 நோக்கிக் கிளப்பினார்கள். அக்டோபர் 6 அன்று பாதையில் ஒரு சின்னத் திருத்தம், எஞ்சின் ஓடியது 16 விநாடி. பிறகு மூன்று மாதம் கலம் தன்போக்கில் போனது. 2024 ஜனவரி 6 மாலை கடைசி உந்துதல். அன்றைக்கு எஞ்சின் அடம் பிடித்திருந்தால் ஆதித்யா எல்-1ஐத் தாண்டித் தன் வழியே போயிருக்கும். சந்திரயானுக்கு ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. இதற்கு அவ்வளவு கூட்டம் இல்லை, தரையிறங்கும் காட்சி எதுவும் இல்லையே. எனக்கு என்னவோ இதுதான் நெஞ்சு படபடக்கிற மாதிரி இருந்தது.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். நிகர் ஷாஜியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க அவர் பிறந்த ஊர் மட்டும்தான் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கொடைக்கானல் இருக்கிறது.

தாது வருஷப் பஞ்சத்தைத் தமிழ்ப் பாடத்திலோ வரலாற்றுப் பாடத்திலோ பிள்ளைகள் படித்திருப்பார்கள். 1876இல் தொடங்கி இரண்டு வருஷம் சென்னை மாகாணத்தைத் தின்று தீர்த்த பஞ்சம். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் நடக்கும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அதன் பிறகு பலமாக எழுந்தது. சூரியனைத் தினமும் பார்க்க நல்ல மலை உச்சி தேடிக் கடைசியில் கொடைக்கானலைப் பிடித்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். 1899இல் அங்கே ஆய்வகம் உருவானது, 1901இல் சூரியனைக் கவனிக்கத் தொடங்கினார்கள். 1909 ஜனவரியில் அங்கிருந்த ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியலாளர். சூரியனின் விளிம்பில் எழும் பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து கொடைக்கானலில் எழுதிய ஆய்வறிக்கை 1917இல் வந்தது. சூரியனை ஆராய்ந்த பெண் ஒருவர் நம் மலையில் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் கொடைக்கானல் ஆய்வகம் இன்று இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆதித்யாவின் பெரிய கருவியான வெல்க்கைச் செய்ததும் அதே நிறுவனம்தான். கொடைக்கானல் தொலைநோக்கிகளால் சூரியனின் முகத்தைப் பார்க்க முடியும். அதைச் சுற்றியுள்ள கொரோனா முகத்தைவிடப் பல லட்சம் மடங்கு மங்கல் என்பதால் முழுக் கிரகணத்தின்போது சில நிமிடம் மட்டுமே தெரியும். முகத்தின் வெப்பம் 5,500 டிகிரி, வெளியே உள்ள கொரோனாவின் வெப்பம் 10 லட்சம் டிகிரிக்கும் மேல். அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையத்தானே வேண்டும், இங்கே ஏன் ஏறுகிறது? இதற்கு முழு விடை இன்னும் யாரிடமும் இல்லை. வெல்க், சூரிய முகத்தின் வெளிச்சத்தைத் தனியாக வெளியே தள்ளிவிட்டு, மிச்சமுள்ள மங்கலான ஒளியை மட்டும் பிடிக்கிறது. நாள் முழுக்கக் கிரகணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1,440 படம், அதாவது நிமிஷத்துக்கு ஒன்று எடுக்கும்படி அதை வடிவமைத்தார்கள். கண்ணாடியில் ஒரு துகள் ஒட்டினாலும் அதில் பட்டுச் சிதறும் ஒளி கொரோனாவை மறைத்துவிடும். அதனால்தான் அதைச் செய்த தூய அறைக்குள் சென்ட் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு இருந்தது.

இதனால் நமக்கு என்ன லாபம் என்று ஏதாவது ஒரு பெற்றோர் கேட்பார். நியாயமான கேள்விதான். 1989 மார்ச்சில் சூரியப் புயல் ஒன்றால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. 2022 பிப்ரவரியில் ஒரே தடவையில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் கோள்களில் 40 வரை இப்படியொரு புயலால் வீணாயின. 2024 மே 10, 11 தேதிகளில் வந்த புயல் இருபது வருஷத்தில் மிகப் பெரியது, லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்ததைக் கேமரா பிடித்தது. அந்தப் புயலை ஆதித்யாவின் கருவிகளும் பதிவு செய்தன. விநாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்று எல்-1ஐத் தாண்டி நம்மிடம் வந்து சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், நமக்கு முன்னெச்சரிக்கைக்குக் கிடைக்கிற நேரம் அது. அதுவும் ஒரு வகுத்தல் கணக்குதான், பிள்ளைகளே போடட்டும்.

எழுத வேண்டாதவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'குடும்பப் பொறுப்புகளுக்கு இடையிலும்' என்று தொடங்கும் வாக்கியம் வேண்டாம். அவர் வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளித்தார் என்று பேட்டி எடுக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும், இயற்பியல் புத்தகத்துக்கு அது தேவையில்லை. ஆண் திட்ட இயக்குநர்களைப் பற்றிய பெட்டிகளில் அந்த வாக்கியம் இருப்பதில்லையே. 'முதல் பெண்' என்ற பட்டத்தையும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். 2011இல் ஜிசாட்-12க்கு டி.கே. அனுராதா, 2012இல் ரிசாட்-1க்கு அரியலூர் வளர்மதி, 2019இல் சந்திரயான்-2க்கு மு. வனிதா என்று அவருக்கு முன்னாலேயே திட்ட இயக்குநர்களாக இருந்த பெண்கள் உண்டு. முதலாவது என்று போட்டால்தான் மதிப்பு என்ற எண்ணம் இவர்கள் எல்லாருக்குமே அநியாயம். 2023 அக்டோபர் 2 அன்று தமிழ்நாடு அரசு ஒன்பது விண்வெளி அறிவியலாளர்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டியபோது அதில் நிகர் ஷாஜியும் வனிதாவும் இருந்தார்கள். அது அரசு செய்ய வேண்டிய மரியாதை, செய்தது. புத்தகம் செய்ய வேண்டிய மரியாதை வேறு மாதிரி.

என்ன கேட்கிறேன் என்றால், பதினொன்றாம் வகுப்பு ஈர்ப்பியல் அலகில் துணைக்கோள் பற்றிய பகுதிக்குப் பிறகு நாலைந்து பக்கம். ஆதித்யாவின் பயணமே பாடம், எல்-1 கணக்கு அதற்குள், நிகர் ஷாஜியின் பெயர் அந்த முடிவுகள் எடுக்கப்படுகிற இடங்களில். காந்தமானியைக் காந்தவியல் பாடத்திலும் மறுபடி தொடலாம். கொடைக்கானலுக்கு இரண்டு பத்தி. பெட்டி போட்டே ஆக வேண்டுமென்றால் தூய அறையில் சென்ட் கூடாது என்பதைப் போடுங்கள், அது பெட்டிக்குப் பொருத்தமான செய்தி.

கேள்வித்தாளையும் சேர்த்து யோசியுங்கள். நம் ஊரில் பாடத்தை ஆட்டிவைப்பது அதுதான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காந்தமானியில் ஏன் இரண்டு உணர்விகள்? எல்-1 புள்ளியிலேயே கலத்தை நிறுத்தாதது ஏன்? இரண்டும் அருமையான மூன்று மதிப்பெண் கேள்விகள். எழுதுகிற பிள்ளைக்கு அந்த அம்மாவின் வேலையில் ஒரு துண்டு கைக்கு வந்துவிடும்.

செய்முறைக்கும் வழி இருக்கிறது. ஆதித்யாவின் தரவுகளை 2025 ஜனவரி 6 முதல் இஸ்ரோ பொதுவில் வெளியிடத் தொடங்கியது. இப்போது பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகம் என்று கணினிகள் இருக்கின்றன. எக்ஸ் கதிர்க் கருவியின் ஒரு நாள் பதிவை வரைபடமாகப் போட்டு, சூரியன் எந்த மணிக்கு வெடித்தது என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கும்படி ஒரு பயிற்சி வைக்கலாம். தரவு வருகிற வடிவம் பள்ளிப் பிள்ளைக்குக் கொஞ்சம் கரடுமுரடு. யாராவது ஒரு குழு உட்கார்ந்து அதை எளிய அட்டவணையாக மாற்றித் தந்தால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

எல்-1 கணக்கையும் காந்தமானிக் கேள்வியையும் என் வகுப்புக்கென்று இரண்டு பக்கத் தாளாக எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதும் ஓரத்தில் குறித்திருக்கிறது. குழு கேட்டால் மறுநாளே அனுப்பிவைக்கிறேன். திருத்தி, வெட்டி, எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். என் பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
தென்காசி மாவட்டம்